நீர்த்தெள்ளுகளின் இருபத்தொரு நாள்

ரவாங் தொழிற்பேட்டையின் கடைசி வரிசையில், டயர் கிடங்குக்கும் பிளாஸ்டிக் தொழிற்சாலைக்கும் நடுவே ஒரு தனியார் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. பிரேமலா அங்கே இருபத்திரண்டு வருடமாக வேலை பார்த்தாள். வயது நாற்பத்தேழு. பட்டம் எதுவும் இல்லை. ஐந்தாம் படிவத்தோடு பள்ளியை முடித்து, குப்பிகளைக் கழுவும் வேலையில் சேர்ந்தவள். கழுவக் கழுவப் பார்த்துப் பழகி, நாளடைவில் கூடத்தின் உயிரினப் பகுதியே அவள் கைக்கு வந்துவிட்டது.

உயிரினப் பகுதி என்றால் பெரிய மிருகங்கள் எதுவும் இல்லை. நீர்த்தெள்ளுகள்தான். மீன் வளர்ப்பவர்கள் கடையில் மலாயில் 'குத்து ஆயேர்' என்று கேட்டு வாங்குவார்களே, அந்தச் சாதியில் கொஞ்சம் பெரியது. கடுகளவு இருக்கும். உடம்பு கண்ணாடி மாதிரி. உள்ளே இதயம் அடிப்பதும், தின்ற பாசி பச்சைக் கோடாகக் குடலில் நிற்பதும், முதுகுப் பையில் குஞ்சுகள் நெளிவதும் வெளியிலிருந்தே தெரியும். ஒரு தண்ணீர் ஆற்றில் விடத் தகுந்ததா என்று தெரிய வேண்டுமானால், அதில் இவற்றை விட்டுப் பார்ப்பார்கள். பிழைத்தால் சரி, செத்தால் சரியில்லை. சுருக்கமாகச் சொன்னால் அவ்வளவுதான் அந்தத் தொழில்.

இவற்றுக்கு ஞாயிறு கிடையாது, பொது விடுமுறை கிடையாது. தினமும் தீனி வைக்க வேண்டும், வாரம் மூன்று முறை தண்ணீர் மாற்ற வேண்டும். மற்றவர்கள் இந்த வேலையைத் தண்டனை என்றார்கள். பிரேமலாவுக்கு அது தோதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போவதற்கு ஓர் இடம் இருந்தது.

அவள் தனியாக இருந்தாள். தாமான் குடியிருப்பின் அடுக்குமாடியில் மூன்றாம் மாடி வீடு. உமாபதிக்கும் அவளுக்கும் கல்யாணமாகிப் பதினாறு வருடம் பிள்ளையில்லை. பிறகு பிரிந்தார்கள். பிரிந்த மறுவருடமே அவன் வேறு கல்யாணம் செய்துகொண்டான். இப்போது அவனுக்கு நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. இதெல்லாம் ஊரில் நடக்காததல்ல. சிக்கல் என்னவென்றால், பிரேமலாவின் தங்கை ஷாமளா வாக்கப்பட்டது உமாபதியின் தம்பி சேதுவுக்கு. அக்காவுக்கு அண்ணன், தங்கைக்குத் தம்பி என்று இரண்டு குடும்பமும் ஒன்றாகப் பின்னிக் கிடந்தது. சண்டை போட்டுப் பிரிந்திருந்தால் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நின்றிருப்பார்கள். சத்தமில்லாமல் பிரிந்ததால் எல்லாரும் எல்லார் வீட்டுக்கும் வழக்கம் போலவே போய் வந்தார்கள். ராசா என்ற ஊரில் தங்கை வீட்டுத் தீபாவளிக்கு உமாபதியும் வந்தான், அவன் மனைவியும் வந்தாள், குழந்தையும் வந்தது.

ஒரு வருடம் பிரேமலா போயிருந்தாள். உமாபதி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, இட்லியைச் சிறிது சிறிதாகப் பிட்டு ஊதி ஊட்டிக்கொண்டிருந்தான். அவன் பொறுமைசாலி என்று அவளுக்கு அதுவரை தெரியாது. அன்று அவள் இரண்டு மணி நேரம் பின்கட்டில் பாத்திரம் கழுவினாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடி எடுத்துக் கழுவினாள். அடுத்த வருடம் காய்ச்சல் என்றாள். அதற்கடுத்த வருடம் காரில் கோளாறு என்றாள்.

இந்த வருடம் ஜூலையில் பதினோராங்கட்டைத் தோட்டத்து வேலை கூடத்துக்கு வந்தது.

கோலசிலாங்கூர் போகும் சாலையில், பதினோராவது மைல்கல்லில் உள்ளே திரும்பும் பழைய ரப்பர் தோட்டம் அது. இப்போது முழுக்க எண்ணெய்க்கான செம்பனை. ரப்பர் காலத்தில் லாலான் புல்லைச் சாகடிக்க ஆர்சனிக் மருந்து அடித்தார்கள். அதற்குத் தடை வந்தபோது, மிச்சமிருந்த பீப்பாய்களை மருந்து ஸ்டோருக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்துவிட்டார்கள். ஐம்பது வருடத்தில் பீப்பாய் துருப்பிடித்து, விஷம் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் இறங்கியது. சுத்தம் செய்யும் ஒப்பந்தத்தை எடுத்த நிறுவனம் புது முறை ஒன்றைக் கொண்டுவந்தது. இரும்பைத் தலைமுடியின் அகலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காகப் பொடியாக்கி, தண்ணீரில் கலக்கி, குழாய் வழியாக மண்ணுக்குள் செலுத்துவார்கள். மை மாதிரிக் கறுப்பாக இருக்கும். அந்த இரும்பு ஆர்சனிக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடிக்கப் போன இரும்பு பிறகு எங்கே போகும், கால்வாயில் இறங்கினால் எந்த உயிருக்கு என்ன செய்யும் என்று பார்ப்பதுதான் பிரேமலாவின் கூடத்துக்கு வந்த வேலை.

வாரம் ஒருமுறை தண்ணீர் மாதிரி எடுக்க அவள்தான் போனாள். காலையில் ரவாங்கிலிருந்து கிளம்பி, பத்தாங் பெர்ஜுந்தை வழியாகத் தன் பழைய மைவி காரை ஓட்டிக்கொண்டு போவாள். பெரிய சாலை இருந்தாலும் அவள் அதில் ஏறுவதில்லை. சீக்கிரம் போய்ச் சேர்ந்து ஆகப் போவது ஒன்றுமில்லை.

மருந்து ஸ்டோருக்கு நாற்பது அடி தள்ளி ஒரு பலகை வீடு. அதில் தங்கரத்தினம் என்பவர் தனியாக இருந்தார். எழுபத்திரண்டு வயது. யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பாவும் அந்தத் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி, இவரும் கிராணி. மனைவி இறந்துவிட்டார், மகன் பெர்த்தில் இருக்கிறான். வீட்டுப் பக்கத்துக் கிணற்றுக்குச் சுகாதார அதிகாரிகள் மூடி போட்டுப் பூட்டியிருந்தார்கள். பீப்பாய் புதைத்த செய்தியை வெளியே சொன்னதே இவர்தான் என்று பிரேமலா கேள்விப்பட்டாள். இருபத்திரண்டு வயதில், துரை சொல்லி, குழிக்குப் பக்கத்தில் நின்று எத்தனை பீப்பாய் இறங்கியது என்று எழுதிக்கொண்டவர். மூன்று வருடத்துக்கு முன்பு மூன்று இலாகாக்களுக்குக் கடிதம் போட்டார். அதனால் நல்லதும் நடந்தது, கெட்டதும் நடந்தது. அந்த நிலத்தில்தான் தோட்டத்து முப்பத்தாறு குடும்பங்களுக்கு மலிவு வீடு கட்டித் தருவதாக இருந்தது. கடிதம் போன நாளோடு அது நின்றது. லயத்து வரிசை வீடுகளை விட்டு எழும்பி, வாடகை வீட்டில் காத்திருந்தவர்கள் கிராணியோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். கோயில் கமிட்டியிலிருந்தும் பேரை எடுத்துவிட்டார்கள்.

முதல் வாரம் அவர் ஒன்றும் பேசவில்லை. இரண்டாம் வாரம் அவள் போனபோது, மாதிரிக் குழாய்க்குப் பக்கத்தில் நிழலில் ஒரு நாற்காலி போட்டிருந்தார். மூன்றாம் வாரம் தேநீர் கொண்டுவந்தார். குழாய்த் தண்ணிதான், பயப்பட வேண்டாம் என்றார். வேலை இடத்தில் யாரிடமும் எதுவும் வாங்கக் கூடாது என்பது கூடத்துச் சட்டம். வேண்டாம் என்றாள். அவர் வற்புறுத்தவில்லை, இரண்டு கோப்பையையும் தானே குடித்தார். அதைப் பார்த்த பிறகு நான்காம் வாரம் அவளுக்கு மறுக்க மனம் வரவில்லை.

பேச்சு அதிகம் இருக்காது. இரும்புக்கு எத்தனை நாள் வேலை, எப்போது முடியும் என்று கேட்பார். அவள் தெரிந்ததைச் சொல்வாள். நிறுவனத்து ஆட்கள் ஒரு மூலையில் சோதனைக்காக மட்டும் இரும்பை இறக்கியிருந்தார்கள். அது பாதுகாப்பானது என்று சான்றிதழ் கிடைத்தால் டிசம்பரில் நிலம் முழுவதும் இறக்கி, தண்ணீரைக் கால்வாயில் விட்டு, வீட்டு வேலையைத் தொடங்கலாம் என்று ஏற்பாடு.

செப்டம்பர் கடைசியில் சோதனை நடந்தது. ஒப்பந்தப்படி நாற்பத்தெட்டு மணி நேரச் சோதனை. இரும்பு கலந்த தண்ணீரில் தெள்ளுகளை விட்டு இரண்டு நாள் பார்த்தாள். எல்லாம் நீந்தின. ஒன்றுகூடச் சாகவில்லை. கூடத்து மேலாளர் முகுந்தன், முப்பத்தைந்து வயதுப் பிள்ளை, நல்லவன், சந்தோஷமாகக் கையெழுத்துப் போடத் தயாரானான்.

பிரேமலா பிழைத்தவற்றைக் கொட்டிவிடும் முன் ஒன்றை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தாள். குடலில் பச்சைக் கோட்டைக் காணோம். மேலிருந்து கீழ்வரை கறுப்புக் கோடு. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் கறுப்பு. இருபதும் கறுப்பு. உயிரோடிருந்தன, துள்ளின, ஆனால் வயிறு முழுக்க இரும்பு.

அவள் முகுந்தனிடம் போய், இருபத்தொரு நாள் சோதனை ஒன்று செய்து பார்க்கலாமா என்று கேட்டாள். அது வேறு மாதிரி. பிறந்த குஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தனித்தனிக் குவளையில் வளர்த்து, அவை பெரிதாகி எத்தனை குஞ்சு போடுகின்றன என்று தினமும் எண்ண வேண்டும். முகுந்தன் யோசித்தான். அதற்கு அவர்கள் காசு தரமாட்டார்கள், ஆனாலும் நமக்குப் பயிற்சியாக இருக்கட்டும், அறிக்கை நவம்பர் பாதியில் போனால் போதும், எப்போது வசதியோ அப்போது ஆரம்பியுங்கள் என்றான்.

எப்போது வசதியோ அப்போது. பிரேமலா நாள்காட்டிக்கு முன்னால் நின்றாள். செப்டம்பர் கடைசி வாரமே தொடங்கினால் தீபாவளிக்கு முந்தின நாள் முடிந்துவிடும். தீபாவளிக்கு மறுநாள் தொடங்கினால் நவம்பர் பதினொன்றில் முடியும். அறிக்கைக்கு அதுவும் போதும். தீபாவளி அக்டோபர் இருபது. அவள் எட்டாம் தேதியைச் சுற்றி வட்டம் போட்டாள். அன்று மாலையே ஷாமளாவுக்குக் கைப்பேசியில் சொன்னாள், இந்த வருடமும் வர முடியாது, வேலை இடையில் நிறுத்த முடியாதது என்று. ஷாமளா சரிக்கா என்று மட்டும் சொன்னாள். பிரேமலாவுக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகு, தங்கை இன்னும் கொஞ்சம் வற்புறுத்தியிருக்கலாம் என்று இருந்தது.

எட்டாம் தேதி இருபது குவளைகளில் இருபது குஞ்சுகளை விட்டாள். பத்து சுத்தமான தண்ணீரில், பத்து தோட்டத்து இரும்புத் தண்ணீரில். தினமும் எட்டு மணிக்குப் போய், விளக்கைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பாசித்தண்ணீர் சொட்டுப் போட்டு, செத்ததா இருக்கிறதா என்று பார்த்து எழுதினாள். ஒன்பதாம் நாள் சுத்தத் தண்ணீரில் இருந்தவை முதல் குஞ்சு போட்டன. இரும்புத் தண்ணீரில் இருந்தவற்றில் நான்கு மட்டுமே போட்டன. தாமதம்தான், நாளைக்குப் போடும் என்று நினைத்துக்கொண்டாள்.

தீபாவளி அன்று தொழிற்பேட்டை வெறிச்சென்று கிடந்தது. வங்காளதேசத்துக் காவலாளி மட்டும் வாசலில் இருந்தார்; ஹாப்பி தீபாவளி என்றார். பிரேமலா எண்ணெய் தேய்த்துக் குளித்திருந்தாள், ஆனால் புதுத்துணி கட்டவில்லை. வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு குவளைகளுக்கு முன்னால் உட்கார்ந்தாள். அன்று தெள்ளுகள் இரண்டாவது ஈடாகக் குஞ்சு போட்டிருந்தன. கண்ணாடிக் குழலால் குஞ்சுகளை ஒவ்வொன்றாக உறிஞ்சி எண்ண வேண்டும். பதினேழாம் குவளைக்கு வந்தபோது கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

ஷாமளா நின்றாள். பட்டுச் சேலை, கையில் அடுக்குச் சட்டி. தானே காரை ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். ராசாவிலிருந்து தீபாவளி நெரிசலில் ஒன்றேகால் மணி நேரம்.

"சாப்பிட்டியா?" என்றாள்.

"இன்னும் இல்ல. நாலு குவளை பாக்கி இருக்கு."

ஷாமளா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அக்கா எண்ணுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குளிர்ப்பெட்டியில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தாள். நாள் ஒன்று, அக்டோபர் எட்டு என்று தொடங்கி நாள் இருபத்தொன்று வரை கட்டம் போட்டிருந்தது. ஷாமளா பள்ளிக்கூடத்து ஆசிரியை, தேதிகளோடு பழகியவள்.

"இந்தத் தேதி யாரு வச்சதுக்கா?"

"வேலை அப்படி."

"வேலையா தேதி வைக்கும்? யாரு வச்சதுன்னு கேக்குறேன்."

பிரேமலா குழலைக் கீழே வைத்தாள். "நான்தான்."

"தீபாவளி நடுவுல மாட்டும்னு தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

ஷாமளா கோபப்படுவாள் என்று பிரேமலா எதிர்பார்த்தாள். அவள் கோபப்படவில்லை. சேலை முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா இன்னிக்கு வரல," என்றாள். உமாபதியை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். அக்கா புருஷனாக இருந்த காலத்துப் பழக்கம். "நான்தான் நாளைக்கு வாங்கன்னு சொல்லிட்டேன். அண்ணன நாளைக்கு வரச்சொல்ல நீ யாருன்னு சேது கேட்டாரு. நாலு நாளா வீட்டுல பேச்சு இல்ல."

"எங்கிட்ட ஏண்டி சொல்லல?"

"சொன்னா நீ என்ன சொல்லுவ? பிள்ளையும் குட்டியுமா இருக்கறவங்க வரட்டும், நான் பொறவு வரேன்னு சொல்லுவ. அதான் சொல்லல. வரலைன்னு சொன்ன பொறவும் நீயா வருவேன்னு இருந்தேன். வந்து பாத்தா தெரிஞ்சுக்குவேன்னு இருந்தேன்."

பிரேமலா குளிர்ப்பெட்டித் தாளில் தீபாவளிக் கட்டத்தைப் பார்த்தாள். தங்கை அவளுக்காக வீட்டில் சண்டை போட்டு ஒரு நாளைக் காலியாக வைத்திருக்கிறாள். இவளோ அந்த நாளைத் தெள்ளுப்பூச்சிகளை வைத்து அடைத்திருக்கிறாள். யாரும் அவளை ஒதுக்கவில்லை. இந்த மூன்று வருடத்தில் எத்தனை நாளைத் தானாகவே இப்படி அடைத்தாளோ.

மிச்ச நான்கு குவளையையும் எண்ணாமல் எழுந்திருக்க முடியாது. எண்ணினாள். கண் மறைத்ததால் பதினெட்டாம் குவளையை இரண்டு தடவை எண்ண வேண்டியிருந்தது. ஷாமளா எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். நுண்ணோக்கியில் பார்க்கலாமா என்று கேட்டாள். பிரேமலா ஒன்றை வைத்துக் காட்டினாள்.

"உள்ள கறுப்பா இருக்கே."

"இரும்பு."

"இரும்பையா திங்குது?"

"பாசின்னு நெனச்சுத் திங்குது. வயிறு நெறஞ்சிரும். உடம்புல ஒட்டாது."

ஷாமளா நெடுநேரம் குனிந்தே இருந்தாள். நிமிர்ந்தபோது, தோசை ஆறிப்போயிருக்கும், சூடு பண்ண ஏதாவது இருக்கா என்று கேட்டாள்.

கூடத்துச் சமையல் மூலையில் உட்கார்ந்து இருவரும் தோசையும் கோழிக்கறியும் சாப்பிட்டார்கள். அம்மாவின் கைப்பக்குவம் இருவருக்கும் வரவில்லை என்று ஷாமளா சொன்னாள். முறுக்கு டப்பாவை அலமாரியில் வைத்தாள். மதியம் இரண்டு மணிக்கு, வீட்டுக்கு மேலும் ஆட்கள் வருவார்கள் என்று கிளம்பினாள். கார் கண்ணாடியை இறக்கி, "அடுத்த வருஷம் தேதிய நான் பாத்துச் சொல்றேன், நீ ஒண்ணும் வைக்காத லா," என்றாள். கார் டயர் கிடங்கைத் தாண்டித் திரும்பும்வரை பிரேமலா வாசலில் நின்றாள். உள்ளே திரும்பி வந்தபோது கூடம் முன்பைவிடப் பெரியதாகத் தெரிந்தது.

இருபத்தோராம் நாள் முடிவைக் கூட்டிப் பார்த்தாள். சுத்தத் தண்ணீரில் இருந்தவை ஒவ்வொன்றும் சராசரி தொண்ணூறு குஞ்சு போட்டிருந்தன. இரும்புத் தண்ணீரில் இருந்தவை ஐம்பத்திரண்டு. எதுவும் சாகவில்லை. ஆனால் கிட்டத்தட்டப் பாதி வம்சம் குறைந்திருந்தது. கால்வாயில் அது நடந்தால், தெள்ளைத் தின்னும் மீன் குஞ்சு குறையும், அதைத் தின்னும் விரால் குறையும். எவ்வளவு என்று யாரும் சொல்ல முடியாது.

முகுந்தன் அறிக்கையைப் பார்த்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"கா, நம்ம சைன் பண்ணது நாப்பத்தெட்டு மணி நேரத்துக்கு. மிச்சத்த யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல தம்பி. ஆனா நான் எண்ணிட்டேன்."

அவன் இரண்டு நாள் அதை மேசையிலேயே வைத்திருந்தான். மூன்றாம் நாள், நாற்பத்தெட்டு மணி நேரச் சான்றிதழுக்குப் பின்னால் இணைப்பாக அதையும் சேர்த்து அனுப்பினான். அனுப்பிய பிறகு அவளிடம் வந்து, எனக்கும் ரெண்டு பிள்ளை இருக்கு கா, வேலை போனா நீங்கதான் சோறு போடணும் என்றான். சிரித்துக்கொண்டே சொன்னாலும் அதில் பயம் இருந்தது.

வேலை போகவில்லை. ஆனால் இலாகாவில் யாரோ பின்னிணைப்பைப் படித்துவிட்டார்கள். முழு நிலத்துக்கும் இரும்பு இறக்கும் வேலை தள்ளிப்போடப்பட்டது. முதலில் இறக்கிய இரும்பு மூன்று மாதம் மண்ணிலேயே கிடந்து துருவாகட்டும், ஒரு சொட்டுகூடக் கால்வாயில் போகக் கூடாது, அதன் பிறகு நீண்ட சோதனையை மறுபடி செய்துதான் முடிவு என்று உத்தரவு வந்தது. நிறுவனம் அந்தச் சோதனையை ஷா ஆலாமில் வேறு ஒரு கூடத்துக்குக் கொடுத்துவிட்டது. பிரேமலாவைத் தோட்டத்துக்கு அனுப்ப இனிமேல் வேலையில்லை. வீட்டு வேலையும் டிசம்பரில் தொடங்கவில்லை.

கிராணி ஐயாவுக்கு யார் சொல்வார்கள் என்று அவளுக்கு உறுத்தியது. அவர்தான் மாதக்கணக்கில் அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தவர். ஒரு சனிக்கிழமை அவளாகவே கிளம்பிப் போனாள். மாதிரிப் பெட்டி இல்லாமல் அந்தச் செம்மண் பாதையில் போவது முதல் தடவை. ஏதோ தப்பு செய்வது போலிருந்தது.

தங்கரத்தினம் படியில் உட்கார்ந்து செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு மாதிரி நாள் இல்லையே என்றார். அவள் நடந்ததைச் சொன்னாள். தன் சோதனையால்தான் எல்லாம் தள்ளிப்போயிற்று என்று சொன்னாள். அவர் செய்தித்தாளை மடியில் வைத்தார்.

"பூச்சி சாகேல்லை. குஞ்சுதான் குறைஞ்சது?"

"ஆமாங்கையா."

"அந்தக் குடும்பங்களுக்கு இதையும் நான்தான் செய்தனான் எண்டு இருக்கும்," என்றார். கோபமில்லை, மழை வரும் போலிருக்கிறது என்பது போலச் சொன்னார்.

அந்த இடத்தில் பிரேமலா யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். ஏன் சொன்னாள் என்று பிறகு யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. "ஐயா, நான் இத நல்லது செய்யணும்னு மட்டும் செய்யல. தீபாவளிக்கு வீட்டுக்குப் போகாம இருக்க ஒரு சாக்கு வேணும். அதுக்காகவும்தான் செஞ்சேன். வேற தேதி வச்சிருக்கலாம். சாக்கு தேவைப்படாம இருந்திருந்தா, இவ்வளவு பாடுபட்டு எண்ணியிருப்பேனான்னே தெரியல."

தங்கரத்தினம் செய்தித்தாளை நாலாக மடித்தார். மடித்ததை மறுபடி விரித்தார்.

"கடிதத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீங்கள் தானே. மனச்சாட்சிக்குப் பயந்து எழுதினான் கிராணி எண்டு பேப்பரிலையும் போட்டவங்கள்."

"கேள்விப்பட்டேன்."

"வீட்டு லிஸ்ட் வந்தது பிள்ளை. முப்பத்தாறு பேர். எங்கட பேர் இல்லை. ஸ்டாஃபுக்கு இல்லை, தொழிலாளிக்குத்தான் எண்டு சொல்லிப்போட்டாங்கள். நாப்பது வருஷம் வேலை செய்தனான். அண்டைக்கு வந்த கோபத்திலதான் கடிதத்தை எழுதினது. எனக்கில்லாத வீடு ஒருத்தருக்கும் வேண்டாம் எண்டு." அவர் கிணற்று மூடியின் பக்கம் பார்த்தார். "பீப்பாய் அங்க கிடக்கிறது எனக்கு அதுக்கு முதலே நாப்பத்தேழு வருஷமாத் தெரியும். மனுசி அந்தக் கிணத்துத் தண்ணியிலதான் சமைச்சவ."

அவர் மனைவி எதனால் இறந்தார் என்று பிரேமலா கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவருக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்காது. செம்பனை ஏற்றிய லோரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அவர் எழுந்துபோய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார். அவள் குடித்தாள். கிளம்பும்போது தன் கைப்பேசி எண்ணை அவரிடம் எழுதிக் கொடுத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எண்களை ஒருமுறை சத்தமாக வாசித்துச் சரிபார்த்தார்.

அதற்குப் பிறகு வேலை வேலையாகப் போயிற்று. முகுந்தன் அவளைக் கழிவுநீர்ப் பகுதிக்கு மாற்றினான். தண்டனை இல்லை, ஆள் பற்றாக்குறை என்றான், இரண்டுமாக இருக்கலாம். தெள்ளுகளைப் புதிதாக வந்த ஒரு பட்டதாரிப் பெண் பார்த்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகள் பிரேமலாவுக்குத் திரும்பக் கிடைத்தன. அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் முதல் சில வாரம் தூங்கினாள். பொங்கலுக்கு ராசாவுக்குப் போனாள். உமாபதி குடும்பத்தோடு வந்திருந்தான். அவள் போன அரைமணி நேரத்தில் குழந்தை வந்து அவள் கைக்கடிகாரத்தைப் பிடித்து இழுத்தது. கழற்றிக் கொடுத்தாள். வலிக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பின்கட்டுக்குப் போகாமல் ஹாலிலேயே உட்கார்ந்திருந்தாள். சேதுவும் ஷாமளாவும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை மாலை, அவள் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்த நேரத்தில் தங்கரத்தினம் கூப்பிட்டார். ஷா ஆலாம் கூடத்து முடிவு வந்துவிட்டது என்றார். மண்ணில் கிடந்து துருவாகிப்போன இரும்பு தெள்ளுகளைப் பாதிக்கவில்லை. குஞ்சுகள் சுத்தத் தண்ணீரில் போலவே பிறந்திருக்கின்றன. அதனால் நிலம் முழுவதும் இரும்பை இறக்க அனுமதி கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் மூன்று மாதம் வைத்திருந்த பிறகே தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். வீட்டு வேலை வருடக் கடைசியில் தொடங்கும். கிணறு சோதனை மூலையை ஒட்டி இருந்ததால் அதில் விஷம் குறைந்திருக்கிறது; செடிக்கு மட்டும் ஆகும், குடிக்க ஆகாது. இலாகா ஆள் வந்து பூட்டைத் திறந்துவிட்டுப் போனாராம்.

"செடிக்கு ஊத்தினீங்களா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்லை. ஒரு வாளி அள்ளி வச்சிருக்கிறன். பார்த்துக்கொண்டு இருக்கிறன்."

முப்பத்தாறு குடும்பத்தில் யாராவது வந்து பேசினார்களா என்று அவள் கேட்டாள். ஒருத்தர் வந்தார், படியேறவில்லை, வாசலில் நின்றபடியே தேதி கேட்டுவிட்டுப் போனார் என்றார். அதற்குமேல் சொல்ல இருவருக்கும் ஒன்றுமில்லை. ஆனாலும் அவர் வைத்துவிடவில்லை. அவளும் வைத்துவிடவில்லை. சாப்பிட்டாயிற்றா என்று அவர் கேட்டார். இனிமேல்தான் உலை வைக்க வேண்டும் என்றாள். தானும் இனிமேல்தான் என்றார்.

பிரேமலா கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டு, மிளகாய்த்தூள் டப்பாவின் மேல் சாய்த்து வைத்துவிட்டு அரிசியைக் களைந்தாள். அந்தப் பக்கத்தில் ஒரு பாத்திரம் உருண்டது. என்ன குழம்பு என்று கேட்டாள். கருவாடு இருக்கிறது, பாகான் நக்கோடா ஓமார் கடற்கரையிலிருந்து ஒருவர் கொண்டுவந்தது, கத்திரிக்காய்தான் இல்லை என்றார். தன்னிடம் கத்திரிக்காய் இருக்கிறது, கருவாடுதான் இல்லை என்றாள் அவள்.